பகா எண்களும் இராமானுஜன் வாழ்வும்

தோற்றுவாய்

நெய்தல் நிலத்து மக்களுக்குக் கணக்கு என்பது ஏட்டில் தொடங்குவதன்று. படகு கரையேறிய மறுகணமே தொடங்குவது. பழவேற்காட்டு ஏரிக்கரையில் வலையை உதறி, மீனையும் இறாலையும் கூறு கட்டி, படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு எனப் பிரிப்பதைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் ஆகிய ஊர்களில் ஏரிநீரையே முறைவைத்துப் பங்கிடும் பாடு முறை தலைமுறை தலைமுறையாக வழங்கி வந்துள்ளது. பகிர்தலை இத்துணை நுட்பமாகப் போற்றிய மக்களுக்குப் பகிர முடியாத எண்களைப் பற்றிச் சொல்வது பொருத்தமேயாகும்.

பன்னிரண்டு இறாலை இரண்டு கூறாகவும் மூன்று கூறாகவும் நான்கு கூறாகவும் ஆறு கூறாகவும் ஒப்பப் பிரிக்கலாம். பதின்மூன்று இறாலை எவ்வாறு முயன்றாலும் அங்ஙனம் பிரிக்க இயலாது. ஒரே குவியலாக வைக்கலாம், அல்லது ஒவ்வொன்றாகப் பரப்பலாம், அவ்வளவே. இத்தகைய எண்ணைப் பகா எண் என்று நம் பாடநூல்கள் வழங்குகின்றன. பகு, பகிர், பகுதி, பங்கு என்னும் சொற்குடும்பத்தைச் சார்ந்த இச்சொல், எண்ணின் இயல்பைப் பெயரிலேயே தாங்கி நிற்பது தமிழின் சிறப்பு எனலாம்.

இவ்வெண்களைத் தன் வாழ்நாள் முழுதும் தேடியவர்களுள் ஒருவர் கணித மேதை சீனிவாச இராமானுஜன். தமிழாசிரியை ஒருத்தி அவர் வரலாற்றை எழுதப் புகுந்ததற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நம் பகுதி மாணவி ஒருத்தி, கணக்கில் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றும், வேறொரு பாடத்தில் தவறினாள். அத்தோடு படிப்பை நிறுத்திக்கொண்டாள். அவளை மீட்க என்னால் இயலவில்லை. அவ்வருத்தத்தோடு இராமானுஜன் வரலாற்றை மீண்டும் படித்தபோது, முன்னர்ப் படித்த மேதையின் கதையாக அது தோன்றவில்லை. தேர்வில் தோற்ற ஓர் இளைஞனைச் சிலர் கைவிடாத கதையாகத் தோன்றியது. அவ்வாறே இங்கு எழுத முற்படுகிறேன்.

பிறப்பும் கல்வியும்

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22ஆம் நாள் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்தார். தந்தையார் சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் துணிக்கடை ஒன்றில் கணக்கர். அன்னையார் கோமளத்தம்மாள் கோயிலில் பக்திப் பாடல்கள் பாடுபவர். இரண்டாம் வயதில் அம்மை நோய் கண்டது. அந்நோய்க்குப் பல குழந்தைகள் பலியான அக்காலத்தில் இவர் பிழைத்தெழுந்தார். 1897இல் தொடக்கக் கல்வித் தேர்வில் தஞ்சை மாவட்டத்தில் முதலிடம் பெற்று, கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார்.

அவர் பதினைந்து, பதினாறு வயதினராய் இருந்தபோது, 1903 அளவில், ஜார்ஜ் கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணிதநூல் ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. அந்நூலில் ஏறத்தாழ ஐயாயிரம் தேற்றங்கள் இருந்தன. நிறுவல்களோ மிகச் சில. தேர்வுக்குப் பயிலும் மாணவர்க்கென எழுந்த இந்நூலே அவருக்கு ஆசானாயிற்று. விடுபட்ட நிறுவல்களைத் தாமே கண்டார். கண்டவற்றிலிருந்து புதியனவும் படைத்தார். முடிவை மட்டும் எழுதி வழியை எழுதாது விடும் பழக்கமும் இந்நூலிலிருந்தே அவருக்கு வந்தது என்பர் அறிஞர்.

1904இல் பள்ளிப் படிப்பைக் கணிதப் பரிசுடன் முடித்தார். கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையும் கிட்டியது. ஆயின் கணிதம் தவிரப் பிற பாடங்களில் அவர் மனம் செல்லவில்லை. ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தவறியதால் உதவித்தொகை நின்றது. 1905இல் வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினத்திற்குச் சென்றுவிட்டார். 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் அவ்வாண்டுத் தேர்வில் வெற்றி பெறவில்லை. 1907இல் தனித்தேர்வராக எழுதியும் பயன் விளையவில்லை. பட்டம் இல்லை; பணி இல்லை. 1909ஆம் ஆண்டு சூலைத் திங்களில் ஜானகி அம்மையாரோடு திருமணம் நிகழ்ந்தது. குடும்பப் பொறுப்பு வந்த நிலையில் அவரிடம் இருந்த செல்வம் கணித முடிவுகள் நிறைந்த குறிப்பேடுகளே.

கைகொடுத்தோர்

இவ்விடத்தில்தான் அவர் வரலாறு திரும்புகிறது. 1910இல் திருக்கோவலூரில் துணை ஆட்சியராக இருந்த இராமசாமி ஐயரைக் கண்டு எழுத்தர் வேலை ஒன்று கேட்டார் இராமானுஜன். இந்தியக் கணிதக் கழகத்தை 1907இல் தொடங்கியவர் இப்பெரியார். குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்த அவர், இத்திறன் படைத்தவனை வருவாய்த்துறை எழுத்தனாக்கி வீணாக்கலாகாது என்று கருதினார். சென்னை நண்பர்களுக்கு அறிமுகக் கடிதங்கள் தந்து அனுப்பினார்.

அக்கடிதங்களின் வழியே நெல்லூர் மாவட்ட ஆட்சியர் இராமச்சந்திர ராவின் தொடர்பு ஏற்பட்டது. நம் ஏரியின் வடபகுதி அந்நாளில் நெல்லூர் மாவட்டத்தைச் சார்ந்தது என்பதை இங்கு நினைந்து மகிழலாம். முதலில் ஐயுற்ற இராமச்சந்திர ராவ், பின்னர் ஐயம் தெளிந்து, திங்கள்தோறும் இருபத்தைந்து ரூபாய் தம் கைப்பொருளிலிருந்து அளித்தார். பிறர் பொருளில் நெடுநாள் வாழ இராமானுஜனுக்கு மனம் ஒப்பவில்லை, வேலை தேடலானார். அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை 1911இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வெளிவந்தது.

1912ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் கணக்கெழுத்தராக அமர்ந்தார். ஊதியம் திங்களுக்கு முப்பது ரூபாய். பழவேற்காட்டு ஏரியையும் சென்னையையும் இணைத்த பக்கிங்காம் கால்வாயில் விறகுப் படகுகள் சென்றுகொண்டிருந்த காலம் அது. அதே கடற்கரையில், கப்பல் கணக்குகளுக்கிடையே, உலகம் அறியாத தேற்றங்கள் உருவாகிக்கொண்டிருந்தன. அலுவலக மேலாளர் நாராயண ஐயர் கணிதம் கற்றவர். மாலையும் இரவும் சிலேட்டுப் பலகையை நடுவில் வைத்து இருவரும் கணக்கிடுவர். இராமானுஜன் எழுதுவார், முழங்கையால் அழிப்பார், மீண்டும் எழுதுவார். தாள் வாங்கப் பணம் போதாமையே சிலேட்டுக்குக் காரணம். கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் இவர்பால் பரிவு கொண்டு உதவினார்.

ஒரு கடிதமும் ஒரு பிழையும்

கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டி 1910இல் வெளியிட்ட சிறுநூல் ஒன்று இராமானுஜன் பார்வைக்கு வந்தது. ஓர் எண்ணுக்குள் அடங்கும் பகா எண்கள் எத்தனை என்பதைத் துல்லியமாகக் கூறும் கோவை இன்னும் காணப்படவில்லை என்று அதில் குறிக்கப்பட்டிருந்தது. அக்கோவையைத் தாம் கண்டுவிட்டதாக இராமானுஜன் நம்பினார். 1913ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதனுடன் ஏறத்தாழ 120 தேற்றங்களை இணைத்திருந்தார். அதற்கு முன்னர் வேறு கணிதர் இருவர்க்கு எழுதியும் உதவி கிட்டவில்லை. ஹார்டியும் அவர் தோழர் லிட்டில்வுட்டும் அத்தாள்களை ஆராய்ந்து, எழுதியவர் பேராற்றலுடையார் என உணர்ந்தனர். பிப்ரவரி 8ஆம் நாளிட்ட மறுமொழியில் ஹார்டி ஆவலோடு நிறுவல்களைக் கேட்டார். சிறப்பாகப் பகா எண்களைப் பற்றிய நிறுவலை வேண்டினார்.

இங்கு, பல வரலாற்று நூல்கள் விரைந்து கடந்துவிடும் செய்தி ஒன்றை நின்று நோக்குதல் வேண்டும். பகா எண்களைப் பற்றிய இராமானுஜனின் அக்கூற்று பிழையானது.

பத்துக்குள் பகா எண்கள் நான்கு, நூறுக்குள் 25, ஆயிரத்துக்குள் 168, பத்தாயிரத்துக்குள் 1,229, பத்து லட்சத்துக்குள் 78,498. எண்கள் பெருகப் பெருகப் பகா எண்கள் அருகிக்கொண்டே செல்கின்றன. ஆயினும் ஒருபோதும் தீர்ந்துபோவதில்லை என்பதை யூக்ளிட்டு ஈராயிரம் ஆண்டுகட்கு முன்பே நிறுவினார். இராமானுஜன் கண்ட தொடர் வியப்பூட்டும் அளவுக்கு உண்மையை ஒட்டிச் செல்கிறது. ஆயிரத்துக்குள் அது தரும் விடை ஏறத்தாழ 168. பத்து லட்சத்துக்குள் ஏறத்தாழ 78,527; உண்மைக்கும் அதற்கும் வேறுபாடு 29 மட்டுமே. எண் எவ்வளவு பெரிதாயினும் இவ்வேறுபாடு சிறிதாகவே இருக்கும் என்று அவர் எண்ணினார். அஃது உண்மையன்று, எண்கள் பெருகும்போது வேறுபாடும் எல்லையின்றிப் பெருகும் இடங்கள் உண்டு.

காரணம் யாது? செருமானிய அறிஞர் ரீமான் 1859இல் ஓர் ஆழ்ந்த உண்மையை வெளிப்படுத்தியிருந்தார். பகா எண்களின் எண்ணிக்கையை ஒரு குறிப்பிட்ட சார்பு ஆள்கிறது. அச்சார்பு சுழியமாகும் இடங்கள் சிக்கலெண்களின் தளத்தில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றுள் ஒவ்வொன்றும் எண்ணிக்கையில் ஓர் அலையை எழுப்புகிறது. அவ்வலைகள் கூடியும் தணிந்தும் பகா எண்களின் எண்ணிக்கையை ஏற்றி இறக்குகின்றன. சென்னையில் இராமானுஜனுக்குக் கிடைத்த நூல்களில் சிக்கலெண் சார்புகளின் கோட்பாடு இல்லை. ஆதலின் அவர் நீர்மட்டத்தைச் சரியாகக் கண்டார். அதன்மேல் எழும் அலைகளைக் காணவில்லை.

இப்பிழையை அவர் பேதைமையெனக் கொள்வது தகாது. அட்டவணையை மட்டும் நம்பிப் பேரறிஞர்களும் மயங்கிய துறை இது. காசு என்னும் கணிதப் பேரரசர் தந்த மதிப்பீடு, அந்நாள்வரை கணக்கிட்ட எல்லா இடங்களிலும் உண்மையைவிட மிகுதியாகவே இருந்தது. எக்காலும் அவ்வாறே இருக்கும் என்று கருதப்பட்டது. லிட்டில்வுட் அக்கருத்து தவறென நிறுவி 1914இல் வெளியிட்டார். மதிப்பீடு உண்மைக்குக் கீழே இறங்கும் இடங்கள் எண்ணிறந்தன உள என்பது அவர் முடிவு. அத்தகைய இடம் ஒன்று 317 இலக்கங்கள் கொண்ட எண்ணின் அருகே இருப்பதாகப் பிற்கால ஆய்வுகள் காட்டுகின்றன. கோடி கோடியாக எண்ணிப் பார்த்தாலும் கண்ணுக்குப் புலப்படாத உண்மை அது. கண்டதைக் கொண்டு காணாததை உறுதி செய்யலாகாது, நிறுவல் வேண்டும். இப்பாடத்தை இராமானுஜன் கேம்பிரிட்ஜில் கற்றார்.

கேம்பிரிட்ஜில் ஐந்தாண்டுகள்

1913ஆம் ஆண்டு மே முதல் சென்னைப் பல்கலைக்கழகம் திங்களுக்கு எழுபத்தைந்து ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. தேர்வில் தவறியவர்க்கு விதியைத் தளர்த்தி வழங்கப்பட்ட உதவி அது. 1914ஆம் ஆண்டு தொடக்கத்தில் சென்னைக்கு வந்த நெவில் என்னும் கேம்பிரிட்ஜ் அறிஞர், கடல் கடந்து செல்ல அவரை இசைவித்தார். மார்ச்சு 17ஆம் நாள் நெவாசா என்னும் கப்பலில் புறப்பட்டார் இராமானுஜன். குடுமியைக் களைந்து, பழகாத உடையையும் பழகாத குளிரையும் ஏற்றார். புலால் உண்ணாமையை மட்டும் விடவில்லை. போர்க்காலத்து இங்கிலாந்தில் காய்கறி உணவு கிட்டுவது அரிது; தாமே சமைத்துண்டார்.

எளிதிற் பகுபடும் எண்களைப் பற்றி 1915இல் அவர் வெளியிட்ட நெடுங்கட்டுரை குறிப்பிடத்தக்கது. தனக்கு முன்னுள்ள எல்லா எண்களையும்விட மிகுதியான வகுத்திகளைக் கொண்டது எதுவோ, அதுவே மிகுபகு எண். பன்னிரண்டுக்கு வகுத்திகள் ஆறு, இருபத்து நான்குக்கு எட்டு, அறுபதுக்குப் பன்னிரண்டு. டசன் என்று எண்ணுவதும், மணியை அறுபது நிமிடமாகப் பகுப்பதும் பங்கிடுதற்கு ஏற்றனவாக இருப்பது இதனால் விளங்கும். பகவே பகாத எண்களையும் மிகமிகப் பகுபடும் எண்களையும் ஒருவரே ஆராய்ந்தார். அக்கட்டுரை உள்ளிட்ட ஆய்வுகளுக்காக 1916இல் கேம்பிரிட்ஜ் பட்டம் அளித்தது. முன்னர்க் கல்லூரித் தேர்வில் தவறியவர் ஆய்வினாலேயே பட்டதாரியானார்.

1917இல் ஹார்டியும் அவரும் இணைந்து, ஓர் எண்ணைப் பிரித்தால் எத்தனை வெவ்வேறு பகா எண்கள் கிட்டும் என்று ஆராய்ந்தனர். விடை மிகச் சிறியது. கோடியளவான எண்களுக்குப் பொதுவாக மூன்று. எண்பது இலக்கம் கொண்ட எண்களுக்கும் பொதுவாக ஐந்தே. எண் எத்துணைப் பெரிதாயினும் அதனைத் தாங்கும் வெவ்வேறு பகாக் காரணிகள் பெரும்பாலும் சிலவே என்பது இதன் பொருள். நிகழ்தகவு வழியே எண்களை ஆராயும் பிற்காலத் துறைக்கு இக்கட்டுரை வித்தாயிற்று.

1917 முதல் நோய் பற்றியது. மருத்துவமனைகளில் மாறி மாறித் தங்க நேர்ந்தது. காசநோய் என்று அன்று கருதினர். குடலைப் பற்றிக் கல்லீரலைத் தாக்கும் அமீபா நோயாக இருக்கலாம் என்று 1994இல் மருத்துவ ஆய்வாளர் ஒருவர் எடுத்துக்காட்டினார். அந்நிலையிலும் 1918இல் அரச கழகத்தின் உறுப்பினராகவும், திரினிடி கல்லூரியின் ஆய்வாளராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். நோய்ப்படுக்கையில் இருந்தவரைக் காண வந்த ஹார்டி தாம் ஏறிவந்த வண்டியின் எண் 1729 என்று கூற, அதனை இரு கன எண்களின் கூட்டலாக இருவகையில் எழுதலாம் என்றும், அத்தகைய எண்களுள் அதுவே மிகச் சிறியது என்றும் உடனே உரைத்த செய்தியை யாவரும் அறிவர். அவ்வெண் 7, 13, 19 என்னும் மூன்று பகா எண்களின் பெருக்கமாகவும் அமைவதை உடன் நினைத்துக்கொள்ளலாம்.

மீண்டும் பகா எண்

1919ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் இறுதியில் மெலிந்த உடலுடன் தாயகம் மீண்டார். அவ்வாண்டு இந்தியக் கணிதக் கழக இதழில் அவருடைய இருபக்கக் கட்டுரை ஒன்று வெளிவந்தது. பொருள் பகா எண்களே.

ஓர் எண்ணுக்கும் அதன் இருமடங்குக்கும் இடையே பகா எண் ஒன்றேனும் இருக்கும் என்று பிரெஞ்சு அறிஞர் பெர்ட்ராண்டு 1845இல் ஊகித்தார். உருசிய அறிஞர் செபிசேவு அதனைப் பின்னர் நிறுவினார். அந்நிறுவலினும் எளியதொன்றை இராமானுஜன் தந்தார். அதனோடு நில்லாமல், ஒன்று மட்டுமன்றி இரண்டு, மூன்று, நான்கு பகா எண்கள் எங்கிருந்து உறுதியாக அமையும் என்பதையும் கூறினார். 11 முதல் எந்த எண்ணை எடுத்தாலும் அதற்கும் அதன் பாதிக்கும் இடையே, அவ்வெண்ணையும் உட்பட வைத்து எண்ணினால், இரண்டு பகா எண்களேனும் உண்டு. 17 முதல் மூன்று. 29 முதல் நான்கு. 41 முதல் ஐந்து. சான்றாக 17ஐக் கொண்டால் 11, 13, 17 என மூன்று உள்ளன. 16ஐக் கொண்டால் 11, 13 என இரண்டே. 2, 11, 17, 29, 41 என்று தொடரும் இவ்வெண்களுக்கு இராமானுஜன் பகா எண்கள் என 2005இல் கணிதர் ஒருவர் பெயர் சூட்டினார்.

1913இல் நிறுவலின்றிப் பிழைபட்ட அதே துறைக்கு 1919இல் அவர் நிறுவலோடு திரும்பி வந்தார். இவ்விரு பக்கங்களில் ஒரு சொல்லும் ஐயத்துக்கு இடமானதன்று. வண்டி எண் கதையினும் இஃது எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

1920ஆம் ஆண்டு சனவரியில், போலித் தீட்டாச் சார்புகள் எனும் புதிய கண்டுபிடிப்பை ஹார்டிக்கு எழுதினார். ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் காலமானார். அகவை முப்பத்திரண்டு. இறுதி நாள்களில் எழுதிய தாள்கள் திரினிடி கல்லூரி நூலகத்தில் கிடந்து, 1976இல் அமெரிக்கக் கணிதர் ஆண்ட்ரூசு கண்ணுக்குப் புலப்பட்டன. 1916இல் அவர் பகா எண்களோடு தொடர்புபடுத்தி ஊகித்த ஒன்றைப் பெல்ஜிய அறிஞர் தெலீன் 1974இல் நிறுவினார். ஜானகி அம்மையார் கணவருக்குப் பின் தையற் பணியால் தம்மைக் காத்துக்கொண்டு, எழுபதாண்டுக்கு மேலாகக் கைம்மை வாழ்வு வாழ்ந்து 1994இல் மறைந்தார். அவர்தம் பொறுமையும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியேயாகும்.

நிறைவுரை

பகா எண்களால் யாது பயன் என்று வினவுவார் உளர். இரு பெரும் பகா எண்களைப் பெருக்குவது எளிது. பெருக்கத்தைப் பார்த்து அவ்விரண்டையும் மீட்பது மிக அரிது. இவ்வுண்மையைக் கொண்டு 1977இல் மறைகுறி முறை ஒன்று அமைக்கப்பட்டது. மின்வழிச் செய்திகளையும் பணப் பரிமாற்றத்தையும் காக்கும் பூட்டுகளுள் அதுவும் ஒன்றாயிற்று. பெரும் பகா எண்களைத் தேடும் முயற்சியும் ஓயவில்லை. 2024ஆம் ஆண்டு அக்டோபரில் கண்டறியப்பட்ட பகா எண் ஒன்று 4,10,24,320 இலக்கங்கள் உடையது. இரண்டை 13,62,79,841 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் அது வரும்.

ஆயினும் பயன் கருதி இராமானுஜன் தேடினாரல்லர். அவரை நாம் நினைப்பதும் அதற்காக மட்டுமன்று. தெய்வ அருளால் எல்லாம் தாமே தோன்றின என்று சொல்லி அவரை எட்டாத உயரத்தில் வைத்துவிடுகிறோம். தம் குலதெய்வமான நாமகிரித் தாயாரிடம் அவர் கொண்ட பற்று மெய்யே. ஆனால் தேர்வில் தவறியதும், பிழைபட்டதும், திருத்தி எழுதியதும் அதே அளவு மெய். அவரை உயரத்தில் மட்டும் வைத்தால் நம் குழந்தைகட்கு அவரால் பயன் இல்லை.

குறிப்பேட்டைப் புரட்டிப் பார்க்க ஒரு திருக்கோவலூர் அதிகாரி இருந்தார். கைப்பொருள் ஈய ஒரு நெல்லூர் ஆட்சியர் இருந்தார். சிலேட்டின் எதிரே அமர ஒரு துறைமுக மேலாளர் இருந்தார். பிழையைப் பிழையென்று சொல்லியும் எழுதியவரைத் தள்ளாத ஒரு பேராசிரியர் இருந்தார். இவருள் ஒருவர் இல்லாவிடினும் வரலாறு வேறாகியிருக்கும். எங்கள் ஊர் மாணவிக்கு அத்தகையோர் ஒருவரும் இல்லை. நானும் காலந்தாழ்த்தே அறிந்தேன்.

பத்தாண்டுகளாக நூல்களைப் படித்தும் பேசியும் வளர்ந்த நம் வட்டம், இனித் தன் பணிகளுள் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுமாறு அன்பர்களை வேண்டுகிறேன். நம் குப்பங்களில் தேர்வில் தவறிய பிள்ளை எவரேனும் இருப்பின், மதிப்பெண் பட்டியலோடு நில்லாமல் அப்பிள்ளையின் குறிப்பேட்டையும் வாங்கிப் பார்ப்போம். மீனைப் பங்கிட்டு வாழ்ந்த நாம் கல்வியையும் பங்கிடுவோம். பகாதது எண்ணாக இருக்கட்டும், அறிவு பகிரப்படட்டும்.